4 ஜிபி றாமோட பழைய கொம்பியூட்டர், 10,000 ரூபாக்குள்ள ஏதும் செய்யேலுமோ?

வயல்வரம்பு:

எல்லாருக்கும் வணக்கம். முரசுமோட்டையில இருந்து எழுதுறன். கொம்பியூட்டரைப் பற்றிப் பெரிசா ஒண்டும் தெரியாது, பிழையா ஏதும் எழுதியிருந்தா திருத்தி விடுங்கோ.

எங்கட வீட்டில ஒரு டெஸ்க்டொப் நிக்குது. 2019ல இவர் வவுனியாவில பழசா வாங்கிக்கொண்டு வந்தவர். கோர் ஐ3, 4 ஜிபி றாம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10 எண்டு அப்ப ஒரு துண்டில எழுதித் தந்தவை, அந்தத் துண்டு இப்பவும் மொனிட்டருக்குப் பின்னால ஒட்டினபடி கிடக்கு. வாங்கின புதுசில பரவாயில்லாமல் ஓடினது. இப்ப ஒரு வருஷமா ஒரே கஷ்டம். போட்டா முழுசா எழும்ப ஐஞ்சாறு நிமிஷம் எடுக்குது, சூமைத் திறந்திட்டுக் குறோமையும் திறந்தா மவுஸ் கூட அசையாமல் நிக்குது, முன்னுக்கு இருக்கிற சிவத்த லைட் அணையாமல் எரிஞ்சுகொண்டே இருக்கு. மகள் ஏ/எல் படிக்கிறா, ஐசிடியும் ஒரு பாடம், பைதன் எழுதிப் பழகோணும், பின்னேரத்தில சூம் வகுப்பும் இருக்கு. சேர் கேள்வி கேக்க இவவுக்கு அது அரை நிமிஷம் பிந்தித்தான் கேக்குது, இவ பதில் சொல்ல வெளிக்கிடேக்க அங்க வேற பிள்ளை சொல்லி முடிஞ்சிடும். போன கிழமை வகுப்பு முடிய மேசையில தலையை வச்சு அழுதுகொண்டிருந்தவ, எனக்கு அதைப் பாக்கத் தாங்கேலாமல் போட்டுது.

டவுனில ஒரு கடைக்குக் கொண்டுபோனன். அவர் மூடியைக் கழட்டிக்கூடப் பாக்கேல்லை, "இது பழைய சாமான், இனி ஒண்டும் செய்யேலாது, புதுசு எடுங்கோ" எண்டு ஒரு லட்சத்துக்கு மேல கணக்குச் சொன்னார். கார்த்திகை வெள்ளத்தில வயல் பாதி போச்சுது, மிச்சம் வெட்டின காலபோகக் காசும் உரக்கடன், மெசின் கூலி எண்டு முடிஞ்சுது. நான் முன்பள்ளியில படிப்பிக்கிறன், சீட்டு எடுத்த காசு 10,000 ரூபா கையில இருக்கு, அதுக்கு மேல ஏலாது. றாம் கூட்டினாச் சரிவரும் எண்டு பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லுறார். உண்மையோ? எந்த றாம் வாங்கோணும், எங்க வாங்கோணும்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

குளக்கட்டு:

தங்கச்சி, முதல்ல அந்தக் காசைப் பத்திரமா வையுங்கோ, இப்ப ஒண்டும் வாங்காதேங்கோ. நான் இருவது வருஷமா உந்தப் பெட்டியளோட மினக்கெடுறவன். றாம் போட்டால் சரிவரும் எண்டு ஊகிச்சு வாங்கினவையில பாதிப் பேருக்கு அது பொருந்தாமல் போயிருக்கு, பொருந்தினவையில சில பேருக்குப் போட்டும் வித்தியாசம் தெரியேல்லை. காசு செலவழிக்க முதல் பெட்டிக்குள்ள என்ன இருக்கு, அது எங்க இறுகுது எண்டு பாத்துத்தான் ஆகோணும். அதுக்குக் காசு தேவையில்லை, ஒரு அரை மணித்தியாலம் காணும்.

கீபோட்டில கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் ஒண்டா அமத்துங்கோ, டாஸ்க் மனேஜர் வரும். அதில பெர்போமன்ஸ் எண்ட பக்கத்துக்குப் போங்கோ. மகள் வகுப்பில இருக்கேக்க, சூமும் குறோமும் திறந்தபடி இருக்கேக்கதான் பாக்கோணும், சும்மா நிக்கேக்க பாத்துப் பிரயோசனமில்லை. மெமரி (றாமைத்தான் அப்பிடிப் போட்டிருக்கும்) எத்தினை வீதம், டிஸ்க் எத்தினை வீதம் எண்டு ரெண்டையும் எழுதுங்கோ. மெமரிப் பக்கத்தின்ர கீழ் மூலையில ஸ்பீட் எண்டும் ஸ்லொட்ஸ் யூஸ்ட் எண்டும் கிடக்கும், அதையும் எழுதுங்கோ, 2ல 1 எண்டு இருந்தா இன்னொரு ஸ்லொட் வெறுமையாக் கிடக்குது, எங்களுக்கு அதிர்ஷ்டம்.

பிறகு திஸ் பிசியில வலப்பக்கத்து மவுஸ் பட்டினை அமத்திப் ப்ரொப்பர்ட்டீஸ் பாருங்கோ. அதில 32 பிட்டோ 64 பிட்டோ எண்டு இருக்கும். இதைக் கட்டாயம் பாருங்கோ, ஏன் கேக்கிறன் எண்டு பேந்து சொல்லுறன்.

உங்கட சிவத்த லைட் விஷயத்தைச் சொல்லுறன் கேளுங்கோ. றாம் எண்டது திறந்திருக்கிற வேலையளைக் கொம்பியூட்டர் கைக்குக் கிட்ட வச்சிருக்கிற இடம். அது நிரம்பி வழிஞ்சால் விண்டோஸ் மிச்சத்தைக் கொண்டுபோய் ஹாட் டிஸ்க்கில ஒரு மூலையில வைக்கும், தேவைப்படேக்கத் திருப்பி எடுக்கும். வயலில சாக்கு நிரம்பினோடன மிச்ச நெல்லை வீட்டை கொண்டுபோய்க் கொட்டிட்டுத் திரும்பத் திரும்ப ஓடிவாற மாதிரி. உங்கட மெசின் காலத்து றாம் வகை டிடிஆர்3, அது 1333 வேகத்தில ஓடினா செக்கனுக்கு 10,600 எம்பி கடத்தும், பழைய ஹாட் டிஸ்க் நல்லா ஓடினாலே 100 எம்பி அளவிலதான் கடத்தும், அதுவும் துண்டு துண்டா எடுக்கேக்க அதில ஒரு பங்குகூட வராது. அந்த ஓட்டம்தான் லைட்டா எரியுது, அதாலதான் மவுஸ் நிக்குது. ஆனா இது என்ர ஊகம், இலக்கங்களைப் போடுங்கோ, பாத்திட்டுச் சொல்லுறன்.

ஏலுமெண்டாப் பக்கத்து மூடியையும் கழட்டிப் பாருங்கோ. பிளக்கைக் கழட்டிட்டு, பவர் பட்டினை ஒரு பத்துச் செக்கன் அமத்திப் பிடிச்சிட்டு, கேசிங்கின்ர பெயின்ட் இல்லாத இரும்பில கையை வச்சிட்டுத்தான் உள்ளுக்குத் தொடோணும். றாமில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் போனால ஒரு படம் எடுங்கோ. எங்கட பக்கம் செம்மண் புழுதி எப்பிடியும் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும், பெயின்ட் பிறஷ் ஒண்டால மெல்லமாத் தட்டி விடுங்கோ, ஈரத்துணி மட்டும் வேண்டாம்.

வயல்வரம்பு:

அண்ணை, மெத்தப் பெரிய உதவி. நீங்கள் சொன்ன எல்லாம் நேற்று வகுப்பு நேரத்தில மகளே பாத்து எழுதினவ. மெமரி 91 வீதம், டிஸ்க் 100 வீதத்திலயே நிண்டது, வகுப்பு முடியுமட்டும் இறங்கேல்லை. ஸ்பீட் 1333, ஸ்லொட் 2ல 1. ப்ரொப்பர்ட்டீஸில ப்ரொசெசர் ஐ3 2120 எண்டு இருக்கு, றாம் 4 ஜிபி எண்டு போட்டிட்டுப் பக்கத்தில 3.41 யூசபிள் எண்டு இருக்கு. 32 பிட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் எண்டும் இருக்கு.

மூடியைக் கழட்டினாப் பிறகு எனக்குப் பயம் வந்திட்டுது, உள்ளுக்குச் சிலந்திக் கூடு, புழுதி, செத்த பல்லி ஒண்டு. எல்லாம் துப்பரவாக்கினம். மதர்போர்ட்டில எச்61 எண்டு எழுதியிருக்கு. றாம் ஸ்டிக்கரில 4 ஜிபி, 2ஆர்எக்ஸ்8, பிசி3 10600யூ எண்டு இருக்கு. இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

மாங்குளம்_வயர்:

அக்கா, உங்கட பிரச்சினையின்ர பாதி அந்த 32 பிட்டிலதான் நிக்குது. குளக்கட்டு அண்ணை அதைக் கேக்கச் சொன்னதும் இதுக்குத்தான். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல றாமைப் பாவிக்காது. அந்த 4லயும் ஒரு பங்கை மற்றச் சாமான்களின்ர விலாசத்துக்கு ஒதுக்கிறதால உங்களுக்கு 3.41தான் மிஞ்சுது. நீங்கள் பேசாமல் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் பூட்டியிருந்தா ஒரு துளி வித்தியாசமும் வந்திராது, காசும் போய் மனமும் விட்டுப்போயிருக்கும். ஆரோ விண்டோஸ் போட்டுத் தந்த ஆள் கையில இருந்த 32 பிட் சிடியைப் போட்டு விட்டிருக்கிறார், உங்கட ப்ரொசெசர் 64 பிட் தாங்கும், அதில பிரச்சினையே இல்லை.

ஸ்டிக்கரைச் சொல்லுறன். பிசி3 10600 எண்டால் டிடிஆர்3 1333. பிசி3 12800 எண்டு இருந்தா அது 1600, அதுவும் உங்கடயில வேலை செய்யும், ஆனா ஐ3 2120க்கு உச்சம் 1333 எண்டபடியால் அந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், அதுக்கெண்டு கூடக் காசு குடுக்காதேங்கோ. 12800க்கு முன்னால பிசி3எல் எண்டு எல் எழுத்து இருந்தாலும் பயமில்லை, அது 1.35 வோல்ட்டிலயும் 1.5 வோல்ட்டிலயும் ஓடுற சாமான். கடைசியில இருக்கிற யூ எழுத்துத்தான் முக்கியம், சாதாரண டெஸ்க்டொப் றாம் எண்டு அர்த்தம். அந்த இடத்தில ஆர் எண்டு இருந்தா அது சேவர் றாம், விலை மலிவாச் சொல்லுவினம், ஸ்லொட்டில வடிவா இருக்கும், ஆனா உங்கட மெசின் எழும்பாது. சேவர் றாமில ஒரு பக்கத்தில எட்டுச் சிப்புக்குப் பதிலா ஒன்பது இருக்கும், எண்ணிப் பாத்தாலே பிடிக்கலாம்.

இன்னொரு குழி இருக்கு. ஒன்லைனில மலிவா வாற டிடிஆர்3 சிலதில சின்ன எழுத்தில ஏஎம்டிக்கு மட்டும் எண்டு போட்டிருப்பாங்கள். உங்கட எச்61 இன்டெல் போர்ட், அது ஓடாது. வாங்க முதல் இன்டெல் எச்61ல ஓடுமோ எண்டு கேட்டு, ஓடாட்டித் திருப்பி எடுப்பியளோ எண்டும் கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில எழுத்தில வாங்கி வையுங்கோ. நான் படிக்கேக்க ஜி41 போர்ட் ஒண்டுக்கு 4 ஜிபி ஸ்டிக் வாங்கினனான், எட்டுச் சிப்தான் இருந்தது, அந்த போர்ட்டுக்குப் பதினாறு சிப் இருக்கிற பழைய மாதிரித்தான் சரிவரும் எண்டு எனக்கு அப்ப தெரியாது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டன் எண்டிட்டார். அது மூண்டு மாதம் பஸ்ஸுக்கு மிச்சம் பிடிச்ச காசு அக்கா, இப்பவும் அந்த ஸ்டிக்கை லாச்சிக்குள்ள வச்சிருக்கிறன். உங்கட 4 ஜிபியில 2ஆர்எக்ஸ்8 எண்டு இருக்கிறதால ரெண்டு பக்கமும் எட்டெட்டா பதினாறு சிப் இருக்கும், அதே மாதிரி இன்னொண்டு கிடைச்சா நல்லது. வேற கொம்பனியா இருந்தாலும் பரவாயில்லை. 4ம் 4ம் ரெண்டு ஸ்லொட்டிலயும் இருந்தா டுவல் சனலில, அதாவது ரெண்டும் ஒரே நேரத்தில சேந்து ஓடும், உங்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாதபடியால் படத்துக்கும் அதே றாம்தான், அதால சூமுக்கும் நல்லது. எச்61 மொத்தம் 16 ஜிபி வரைக்கும் தாங்கும், ஆனா உங்கட தேவைக்கு 8 காணும்.

பழைய றாம் வாங்கப் பயப்பிடாதேங்கோ. அதில சுத்துற சாமான் ஒண்டும் இல்லை, நல்லா ஓடினது பெரும்பாலும் கனகாலம் ஓடும். எஸ்எஸ்டி, அதாவது ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாப் போடுற வேகமான டிஸ்க், அதை மட்டும் பழசு வாங்காதேங்கோ, அது எழுத எழுதத் தேயிற சாமான், வாரண்டியோட புதுசா வாங்குங்கோ. ஏன் எஸ்எஸ்டி எண்டு கேப்பியள். விண்டோஸை 32ல இருந்து 64க்கு மாத்த எப்பிடியும் புதுசாத்தான் போடோணும், மேலால ஏத்தேலாது. போடுறதைப் பழைய ஹாட் டிஸ்க்கில போடாமல் ஒரு சின்ன எஸ்எஸ்டியில, 120 ஜிபி காணும், அதில போட்டியள் எண்டால் ஒரே வேலையில ரெண்டும் முடியும். எச்61ல டிஸ்க் கொழுவிற இணைப்பு பழைய சாட்டா 2, அதால எஸ்எஸ்டியின்ர முழு வேகமும் வராது, 250 எம்பிக்குக் கிட்டத்தான் வரும். எண்டாலும் இப்ப ஐஞ்சு நிமிஷத்தில எழும்புற மெசின் அரை நிமிஷத்தில எழும்பும்.

பாலைமரம்:

தம்பி சொன்னதில எனக்கொரு மாற்றுக் கருத்து. 2011ல வந்த ப்ரொசெசர், விண்டோஸ் 11 முறையா ஏறாது. விண்டோஸ் 10க்கான சப்போட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. இருக்கிற ஒரே காசை இதில கொட்டிறதுக்கு முதல் ஒருக்கால் யோசிக்கோணும். நான் பள்ளிக்கூட லாப்பில இருந்த இதே மாதிரிப் பழைய மெசின்களுக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ எண்ட ஒப்பரேட்டிங் சிஸ்டம் போட்டிருக்கிறன். அது 4 ஜிபியிலயே வசதியா ஓடுது, காசு இல்லை, வைரஸ் பயமும் குறைவு. பைதன் அதில ஏற்கெனவே இருக்கு, சூமும் லினக்ஸுக்கு இருக்கு, லிப்ரே ஒஃபிஸில தமிழ் வடிவா டைப் பண்ணலாம். முதல் பென் ட்ரைவில இருந்து ஓடவிட்டுப் பாருங்கோ அக்கா, பிடிச்சா மட்டும் போடலாம். காசு 10,000மும் மிச்சம்.

மாங்குளம்_வயர்:

பாலைமரம் அண்ணை சொல்லுறது நியாயம்தான், நானும் மின்ட் பாவிக்கிறனான். ஆனா அக்காவின்ர முன்பள்ளி ரிப்போட் எல்லாம் வேர்ட், எக்செலில இருக்கும், அவவுக்கு இப்ப புதுசா ஒண்டைப் பழக நேரமிருக்குமோ தெரியாது. விண்டோஸ் 10ஐ மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டால சைன் இன் பண்ணி, செட்டிங்ஸ் பேக்கப்பை ஓன் பண்ணி, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில பதிஞ்சா 2026 ஒக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் இலவசமா வரும். மகளின்ர படிப்பு அவசரத்துக்கு அது காணும், பிறகு ஆறுதலா மின்டுக்கு மாறலாம், அப்பவும் இந்த றாமும் எஸ்எஸ்டியும் வீணாப் போகாது. லினக்ஸ் போட்டாலும் ஹாட் டிஸ்க் அதே ஹாட் டிஸ்க்தானே.

இன்னொண்டு, இப்ப புது மெசின் வாங்கிறது சரியான நேரமுமில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரியை அள்ளிக்கொண்டு போறதால 2025 கடைசியில இருந்து புது டிடிஆர்4, டிடிஆர்5 எல்லாம் விலை ஏறிக்கொண்டு போகுது. பழைய டிடிஆர்3தான் இன்னும் எங்கட கைக்கு எட்டுற சாமான்.

பாலைமரம்:

எக்செல் விஷயத்தை நான் யோசிக்கேல்லை. அப்ப நீங்கள் சொன்னபடியே செய்யட்டும்.

கடலோரம்:

இடையில கேக்கிறதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் முல்லைத்தீவு. என்னட்ட டிடிஆர்3 லப்டொப் ஒண்டு கிடக்கு, அதுக்கும் இதே றாம் போடலாமோ?

குளக்கட்டு:

போடேலாது தம்பி. லப்டொப் றாம் கட்டை, 204 பின், டெஸ்க்டொப் டிடிஆர்3 நீளம், 240 பின். டிடிஆர்2ம் 240 பின்தான், ஆனா நடுவில இருக்கிற வெட்டு வேற இடத்தில இருக்கும், அதால ஒண்டு மற்றதில இறங்காது. இறங்காத ஒண்டை ஆரும் பலாத்காரமா அமத்தாதேங்கோ, ஸ்லொட் உடைஞ்சா மதர்போர்ட்டே போச்சு.

தங்கச்சி, கொழும்புக்கு ஆரும் போனாப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில பழைய சாமான், புதுச் சாமான் ரெண்டும் ஒரே இடத்தில விசாரிக்கலாம். இல்லாட்டி வவுனியாவிலயே தேடிப் பாருங்கோ. உங்கட பழைய ஸ்டிக்கரின்ர படத்தைக் காட்டி "இதைப் போல" எண்டு கேளுங்கோ. பூட்டேக்க, பழைய ஸ்டிக்கையும் ஒருக்கால் கழட்டி அதின்ர தங்க நிறப் பல்லை வெள்ளை இறேசரால மெல்லமா உரஞ்சித் துடைச்சிட்டுப் பூட்டுங்கோ. ரெண்டு பக்கக் கொளுக்கியும் டிக் எண்டு விழோணும். போட்டு பீப் பீப் எண்டு கத்தினாப் பதறாதேங்கோ, அனேகமா சரியா இருக்கேல்லை எண்டுதான் அர்த்தம், ஓஃப் பண்ணிக் கழட்டித் திரும்பப் பூட்டுங்கோ. ஓடத் தொடங்கினதும் றாமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பிளஸை ஒரு பென் ட்ரைவில போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கோ, அது இலவசம். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் வாங்கின ஆளிட்டத் திருப்பிக் குடுங்கோ, ஓடுதுதானே எண்டு விடாதேங்கோ, பிழையான றாம் மகள் எழுதின பைலையே பழுதாக்கிப்போடும்.

விண்டோஸ் போடேக்க ஹாட் டிஸ்க்கின்ர வயரைக் கழட்டிட்டு எஸ்எஸ்டியை மட்டும் கொழுவிப் போடுங்கோ. இல்லாட்டி எழும்புற பகுதியைப் பழைய டிஸ்க்கில கொண்டுபோய் எழுதிவிடும், பிறகு அதைக் கழட்டினா மெசின் எழும்பாது. 8 ஜிபி பென் ட்ரைவ் ஒண்டு வேணும். டவுன்லோட் பெரிசு, இரவு டேட்டாவில இறக்குங்கோ. உங்கட விண்டோஸ் அக்டிவேட் ஆகியிருந்தா அதே ஹோமோ ப்ரோவோ எண்டு பாத்து அதையே போடுங்கோ, நெட்டில கொழுவினோடன தானா அக்டிவேட் ஆகும்.

வயல்வரம்பு:

ரெண்டு கிழமை கழிச்சு எழுதுறன், பிந்தினதுக்குக் குறை நினைக்காதேங்கோ.

என்ர தம்பி கொழும்பில வேலை, அவன் ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கித் தேடினவன். முதல் கடையில காட்டினது ஆர் எழுத்து ஸ்டிக். அவன் படத்தை அனுப்ப மகள் பாத்த உடன "மாமா, ஒன்பது சிப் இருக்கு, வேண்டாம்" எண்டு எழுதினவ. ரெண்டாவது கடையில 4 ஜிபி, 2ஆர்எக்ஸ்8, யூ எழுத்து, 1,800 ரூபா, ஒரு மாத வாரண்டி. எஸ்எஸ்டி 120 ஜிபி புதுசு 7,500. கிளிநொச்சிக்கு வாற பஸ்ஸில குடுத்து விட்டவன், விடிய நாலரைக்கு டிப்போச் சந்தியில இவர் போய் நிண்டு வாங்கினவர், பஸ்காரருக்கு 200. எல்லாமா 9,500.

பூட்டினது மகள்தான். நான் டோர்ச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், கை நடுங்கினது எனக்குத்தான். முதல் தரம் போட மூண்டு தரம் கத்தினது, குளக்கட்டு அண்ணை சொன்னதை நினைச்சு அவ கழட்டித் திரும்பப் பூட்டினவ, எழும்பிட்டுது. மெம்டெஸ்ட் இரவு ஓட விட்டம், பிழை ஒண்டும் வரேல்லை. 64 பிட் விண்டோஸ் போட ரெண்டு நாள் இழுபட்டம், டவுன்லோட் இடையில கரண்ட் போய் நிண்டதால. இப்ப 8 ஜிபி முழுக்கக் காட்டுது. நேற்று வகுப்பு நேரம் பாத்தம், மெமரி 52 வீதம், டிஸ்க் 3, 4 வீதத்திலதான் நிக்குது. சேர் கேட்ட கேள்விக்கு இவ முதல் ஆளாப் பதில் சொன்னவ. நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான்.

உங்கள் எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. ஒரே ஒரு கேள்வி. பழைய ஹாட் டிஸ்க்கைப் படங்களுக்கெண்டு திரும்பக் கொழுவினம், அதில இருந்து இடைக்கிடை டக் டக் எண்டு ஒரு சத்தம் வருகுது. அப்பாவின்ர படங்கள் எல்லாம் அதிலதான் இருக்கு, வேற எங்கயும் இல்லை. அது பழுதாகப் போகுதோ?

குளக்கட்டு:

தங்கச்சி, இதை வாசிச்ச உடன அந்தப் படங்களை எஸ்எஸ்டிக்குக் கொப்பி பண்ணுங்கோ, நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ. முதல் அப்பாவின்ர படங்கள், பிறகுதான் மற்றது. பென் ட்ரைவிலயும் ஒரு கொப்பி, ஏலுமெண்டாக் கூகுள் ட்ரைவிலயும் ஒண்டு. அது முடிஞ்சாப் பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எண்ட இலவச மென்பொருளைப் போட்டு அந்த டிஸ்க்கைப் பாருங்கோ, மஞ்சளோ சிவப்போ காட்டினா அதை இனி ஒண்டுக்கும் நம்பாதேங்கோ. நீலமா இருந்தாலும் டக் டக் சத்தம் நல்ல சத்தமில்லை. கொப்பி நடக்கிற நேரத்தில மெசினை ஆட்டாதேங்கோ, பின்னேரம் இடி முழங்குற காலம், வானம் இருண்டா பிளக்கையும் றவுட்டர் வயரையும் கழட்டிட்டு விடிய மிச்சத்தைச் செய்யுங்கோ. கொப்பி முடிஞ்சதும் ஒரு வரி எழுதிப் போடுங்கோ.

வயல்வரம்பு:

இப்பத்தான் முடிஞ்சுது அண்ணை. 412 படம், எல்லாம் திறக்குது.